உலாவியின் தற்காலிகச் சேமிப்பகத்தை அழித்தல்

உலாவியின் தற்காலிகச் சேமிப்பகத்தை அழித்தல் என்பது, இணைய உலாவி தான் பெற்ற வலைப்பக்கங்களின் படங்கள், எழுத்துருக்கள், நிரல்கள் முதலிய கோப்புகளின் படிகளைச் சேமித்து வைத்திருக்கும் இடத்தைப் பயனர் வெறுமையாக்கும் செயல் ஆகும். இச்சேமிப்பகம் பக்கங்களை விரைவாகத் திறப்பதற்காக உருவாக்கப்பட்டது. எனினும் பயனர் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார், என்னென்ன படித்தார் என்பதற்கான தடயங்களும் இதில் தங்கிவிடுகின்றன. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் இடங்களில் இத்தடயங்கள் அடுத்து வருபவரின் கைக்கு எட்டுகின்றன.

விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற நகரங்களில் இணைய மையங்கள், செராக்ஸ் கடைகள், கல்லூரிக் கணினிக்கூடங்கள், வீட்டில் பொதுவாக உள்ள கைப்பேசிகள் எனப் பகிர்ந்து பயன்படுத்தப்படும் கருவிகள் பல உள்ளன. இக்கட்டுரை அத்தகைய சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தற்காலிகச் சேமிப்பகம் செயற்படும் விதம், அதனை அழிக்கும் முறை, அழிப்பதால் நீங்குபவை, நீங்காதவை ஆகியவற்றை விளக்குகின்றது.

பெயர்

இச்சேமிப்பகத்தைப் பேச்சு வழக்கில் கேஷ் என்றே குறிப்பிடுவர். தமிழில் இடைமாற்று, பதுக்ககம், தற்காலிக நினைவகம் எனப் பல சொற்கள் ஆளப்பட்டுள்ளன. கணினியின் மையச் செயலகத்தில் உள்ள கேஷ் நினைவகம் வேறு, உலாவியின் கேஷ் வேறு. முன்னது வன்பொருள். பின்னது பெரும்பாலும் வன்தட்டிலோ கைப்பேசியின் உள்நினைவகத்திலோ அமைந்த ஒரு கோப்புறை. மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி பரவலாக இருந்த காலத்தில், "தற்காலிக இணையக் கோப்புகள்" எனப் பொருள்படும் பெயருடைய கோப்புறையாக விண்டோசு கணினிகளில் இதனைக் காண முடிந்தது. அவ்வுலாவிக்கான ஆதரவு 2022 சூன் மாதத்தில் நிறுத்தப்பட்டது.

செயற்படும் விதம்

பயனர் ஒரு முகவரியைத் திறக்கும்போது உலாவி அத்தளத்தின் வழங்கிக்கு வேண்டுகோள் அனுப்புகின்றது. வழங்கி பக்கத்தின் உரையை அனுப்புகின்றது. அவ்வுரையில் குறிப்பிடப்பட்ட சின்னங்கள், படங்கள், அலங்காரக் கோப்புகள், நிரல்கள் ஆகியவற்றை உலாவி ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறுகின்றது. பெற்றவற்றின் படியைத் தன்னிடம் வைத்துக்கொள்கின்றது. அதே பக்கத்தை மறுமுறை திறக்கும்போது மாறாத கோப்புகளைத் தன் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்வதால் நேரமும் தரவுச் செலவும் குறைகின்றன.

ஒரு கோப்பை வைத்துக்கொள்ளலாமா, எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்பதை வழங்கி தன் விடையின் தலைப்பகுதியில் தெரிவிக்கின்றது. இதற்கான விதிகள் எச்.டி.டி.பி. நெறிமுறையின் பகுதியாகும். இவற்றின் இன்றைய வடிவம் 2022 சூன் மாதத்தில் ஆர்.எப்.சி. 9111 என்ற ஆவணமாக வெளியிடப்பட்டது. இவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு:

- மேக்ஸ்-ஏஜ்: கோப்பு எத்தனை நொடிகளுக்குப் புதியதாகக் கருதப்படலாம் எனக் கூறுவது. 86,400 எனக் குறித்தால் ஒரு நாள்.
- நோ-கேஷ்: படியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் வழங்கியிடம் கேட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும் எனக் கூறுவது. பெயரைக் கொண்டு இது சேமிப்பைத் தடுப்பதாகப் பலர் தவறாகக் கருதுவதுண்டு.
- நோ-ஸ்டோர்: படியைச் சேமிக்கவே கூடாது எனக் கூறுவது. வங்கிக் கணக்கு போன்ற பக்கங்களுக்கு உரியது.
- ஈ-டேக்: கோப்பின் பதிப்பை அடையாளங்காட்டும் குறி. உலாவி இக்குறியைத் திருப்பி அனுப்பி, கோப்பு மாறியுள்ளதா எனக் கேட்கும். மாறவில்லையெனில் வழங்கி 304 என்ற எண்ணை மட்டும் விடையாக அனுப்பும்.

நோ-ஸ்டோர் கட்டளையை இடத் தவறிய தளத்தில், பயனர் வெளியேறிய பின்னரும் அவர் பார்த்த பக்கத்தின் படி கணினியில் இருக்கக்கூடும். சில வேளைகளில் உலாவியின் பின்செல் பொத்தானை அழுத்துவதே அப்பக்கத்தை மீண்டும் காட்டப் போதுமானது.

முகவரிப் பட்டையில் தோன்றும் பூட்டுச் சின்னம் இதற்குக் காப்பு அன்று. மறைகுறியாக்கம் என்பது வழங்கிக்கும் உலாவிக்கும் இடைப்பட்ட வழியில் தரவைப் பிறர் படிக்காமற் காப்பது. கணினியை வந்தடைந்த தரவு மறைகுறி நீக்கப்பட்டே பயனருக்குக் காட்டப்படுகின்றது. அதன் படி தற்காலிகச் சேமிப்பகத்தில் தங்குவதைப் பூட்டுச் சின்னம் தடுப்பதில்லை.

உலாவி வைத்திருக்கும் பிற பதிவுகள்

"கேஷை அழித்துவிட்டேன்" எனக் கூறும் பலர், உலாவியில் உள்ள எல்லாப் பதிவுகளும் நீங்கிவிட்டதாகக் கருதுகின்றனர். உலாவி பல வகைப் பதிவுகளைத் தனித்தனியாக வைத்திருக்கின்றது. ஒன்றை அழிப்பதால் மற்றொன்று அழிவதில்லை.

- உலாவல் வரலாறு: திறந்த பக்கங்களின் முகவரி, தலைப்பு, நேரம் ஆகியவற்றின் பட்டியல்.
- நினைவிகள் (குக்கிகள்): தளங்கள் பயனரை அடையாளங்காண வைக்கும் சிறு குறிப்புகள். 1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உலூ மான்டுல்லி என்பவரால் உருவாக்கப்பட்டவை. மின்னஞ்சலுக்குள் நுழைந்த நிலை தொடர்வது இவற்றாலேயே.
- தளச் சேமிப்பு: நினைவிகளை விடப் பெரிய அளவில் தளங்கள் வைக்கும் தரவுகள்.
- படிவ நினைவு: படிவங்களில் உள்ளிட்ட பெயர், தொலைபேசி எண், பதிவெண் முதலியன. அடுத்தவர் முதல் எழுத்தைத் தட்டியவுடன் இவை பரிந்துரையாகத் தோன்றும்.
- சேமித்த கடவுச்சொற்கள்: "கடவுச்சொல்லைச் சேமிக்கவா" என்ற கேள்விக்கு ஆம் என விடையளித்தால் தங்குபவை.
- பதிவிறக்கப் பட்டியல்: இறக்கிய கோப்புகளின் பெயர்கள்.

தனியுரிமை நோக்கில் பார்த்தால் இவற்றுள் பேரிடர் தருவன நினைவிகளும் கடவுச்சொற்களும் ஆகும். தற்காலிகச் சேமிப்பகம் ஒருவர் எதைப் பார்த்தார் என்பதைக் காட்டும். நினைவியோ அவர் பெயரிலேயே உள்ளே நுழைய வழிவிடும். ஆதலின் பொதுக் கணினியில் தற்காலிகச் சேமிப்பகத்தை மட்டும் அழிப்பது போதுமானதன்று.

பொதுக் கணினிகள்: இராஜபாளையம், திருவில்லிபுத்தூர்

இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்தின் அண்டை நகரங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இராஜபாளையத்தில் ஏறத்தாழ 1,30,000 பேரும் திருவில்லிபுத்தூரில் ஏறத்தாழ 75,000 பேரும் வாழ்ந்தனர். முன்னது நூற்பாலைகளுக்கும், பின்னது ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் பெயர்பெற்றவை. திருவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984இல் தொடங்கப்பட்ட கலசலிங்கம் கல்லூரி 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. இராஜபாளையத்தில் இராஜூக்கள் கல்லூரி, இராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி முதலியன உள்ளன.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகத்து 15 அன்று பெருநகரங்களில் தொடங்கியது. பின்னர் இணையம் சிறு நகரங்களை அடைந்தபோது, வீட்டில் கணினி இல்லாதோருக்கு அது பெரும்பாலும் இணைய மையங்கள் வழியாகவே கிடைத்தது. இம்மையங்களைத் தமிழ்நாட்டில் பிரவுசிங் சென்டர் என்றே அழைப்பர். மின்னஞ்சல் பார்த்தல், வேலைக்கு விண்ணப்பித்தல், 2002ஆம் ஆண்டு தொடங்கிய இணையவழித் தொடர்வண்டிப் பயணச்சீட்டு முன்பதிவு, தேர்வு முடிவுகள் அறிதல் ஆகியன இங்கு நடைபெற்றன.

தேர்வு முடிவு

விருதுநகர் மாவட்டம் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. முடிவு வெளியாகும் நாளில் மாணவர்கள் பதிவெண்ணையும் பிறந்த நாளையும் உள்ளிட்டு மதிப்பெண்களைப் பார்க்கின்றனர். மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டு கைவிட்டது. மதிப்பெண் அவரவர்க்கு உரிய செய்தி என்ற நிலை இதனால் வலுப்பெற்றது. ஆனால் பகிர்வுக் கணினி ஒன்றில் படிவ நினைவு இயங்கிக் கொண்டிருந்தால், அடுத்து அமரும் மாணவருக்கு முந்தையவரின் பதிவெண்ணும் பிறந்த நாளும் பரிந்துரையாகத் தோன்றக்கூடும். அவ்விரண்டும் தெரிந்தவர் எவரும் அம்மதிப்பெண்ணைப் பார்க்கலாம்.

பொறியியல் கலந்தாய்வு

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணையவழியில் நடைபெறுகின்றது. அதற்கு முன் மாணவர்கள் சென்னை சென்று நேரில் கல்லூரியைத் தெரிவு செய்தனர். இப்போது தம் கணக்கினுள் நுழைந்து கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் விருப்ப வரிசையில் பதிய வேண்டும். குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிடில் அவ்வாய்ப்பு கைநழுவும். இக்கணக்கை வெளியேறாமல் விட்டுச் செல்லும் மாணவரின் விருப்ப வரிசையை வேறொருவர் பார்க்கவும் மாற்றவும் வாய்ப்பு ஏற்படுகின்றது. கேலிக்காகச் செய்யப்படும் ஒரு மாற்றமும் நான்கு ஆண்டுப் படிப்பைப் பாதிக்கக்கூடியது. ஆதலின் இங்கு உலாவியைத் துப்புரவாக்குவது வெறும் கூச்சம் தொடர்பானது அன்று.

செராக்ஸ் கடை

அச்செடுக்க வேண்டிய கோப்பைப் பெற, கடைக் கணினியில் மின்னஞ்சலையோ வாட்சப்பின் வலைப் பதிப்பையோ திறக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. வாட்சப்பின் வலைப் பதிப்பு 2015 சனவரியில் வெளியானது. கணினித் திரையில் காட்டும் குறியீட்டைக் கைப்பேசியால் ஒருமுறை வருடினால் போதும், இணைப்பு பயனர் துண்டிக்கும் வரை நீடிக்கக்கூடும். கடையை விட்டு வெளியேறிய பின்னரும், கைப்பேசியில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற பகுதிக்குச் சென்று அவ்விணைப்பை நீக்க முடியும்.

வீட்டுக் கருவிகள்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. இதனால் முதன்முறையாகக் கணினி பெற்ற குடும்பங்கள் பல. 2016க்குப் பின் கைப்பேசித் தரவின் விலை பெரிதும் குறைந்ததால் இணைய மையங்களின் தேவையும் குறைந்தது. எனினும் தந்தையின் கைப்பேசியில் மகள் வகுப்புக் கேட்பதும், அக்காளின் மடிக்கணினியில் தம்பி விண்ணப்பம் நிரப்புவதும் இயல்பானவை. பகிர்வு என்ற சிக்கல் கடையிலிருந்து வீட்டிற்கு இடம்பெயர்ந்துள்ளது. உடல்நலம், திருமணம், குடும்ப வன்முறை பற்றி உதவி தேடும் ஒருவருக்கு, வீட்டிலுள்ளோரே தாம் தேடியதைப் பார்ப்பது கடையில் அறியாதவர் பார்ப்பதைக் காட்டிலும் தீங்காக முடியலாம்.

அழிக்கும் முறை

வரிசை

பொதுக் கணினியில் பணி முடிந்ததும் பின்வரும் வரிசையைப் பின்பற்றுதல் நன்று.

1. திறந்துள்ள ஒவ்வொரு கணக்கிலிருந்தும் அத்தளத்தின் வெளியேறும் பொத்தானை அழுத்தி வெளியேறுதல்.
2. உலாவியிலேயே கணக்கு இணைக்கப்பட்டிருந்தால் அதனை நீக்குதல்.
3. இறக்கிய கோப்புகளையும் வருடி எடுத்த படங்களையும் அழித்து, மீள்சுழற்சித் தொட்டியையும் வெறுமையாக்குதல்.
4. உலாவல் தரவை அழித்தல்.
5. உலாவியின் எல்லாச் சாளரங்களையும் மூடுதல்.
6. உலாவியை மீண்டும் திறந்து, மின்னஞ்சல் தளம் கடவுச்சொல் கேட்கின்றதா எனச் சரிபார்த்தல்.

முதலில் வெளியேறச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நினைவியை அழிப்பது நம் கையிலுள்ள திறவுகோலை எறிவதற்கு ஒப்பானது. பூட்டு மாறுவதில்லை. அந்நினைவியை எவரேனும் முன்னரே படியெடுத்திருந்தால் அது செல்லுபடியாகும். தளத்திலிருந்து முறைப்படி வெளியேறினால், பெரும்பாலான தளங்களில் வழங்கியே அத்திறவுகோலைச் செல்லாததாக்கும்.

கணினியில்

கூகுள் குரோம், மைக்ரோசாப்ட் எட்ச், மொசில்லா பயர்பாக்சு ஆகிய உலாவிகளில் கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் உலாவல் தரவை நீக்கும் பெட்டி தோன்றும். அதில் இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது கால அளவு. "கடைசி ஒரு மணி நேரம்" போன்ற குறுகிய அளவு முன்னரே தெரிவு செய்யப்பட்டிருக்கலாம். அதற்கு மேல் அமர்ந்திருந்தவர் நீண்ட அளவைத் தெரிவு செய்ய வேண்டும். இரண்டாவது, நீக்க வேண்டிய வகைகள். வரலாறு, நினைவிகள், தற்காலிகக் கோப்புகள் ஆகியவற்றுடன் படிவ நினைவும், அப்பெட்டியில் இருப்பின் கடவுச்சொற்களும் குறிக்கப்பட்டுள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

குரோம் உலாவியில் கூகுள் கணக்கை இணைத்த நிலையில் தரவை அழித்தால், பிற தளங்களின் நினைவிகள் நீங்கினும் கூகுள் கணக்கு வெளியேறுவதில்லை. மேலும் வரலாறு ஒத்திசைக்கப்பட்டிருந்தால், ஓரிடத்தில் அழிப்பது பயனரின் மற்றக் கருவிகளிலும் அதனை அழிக்கும். பொதுக் கணினியின் உலாவியில் கணக்கை இணைக்காமல் இருப்பதே சிறந்தது.

ஒரு பக்கம் பழைய வடிவிலேயே தோன்றுகின்றது என்பதற்காக மட்டும் அழிக்க நினைப்போர், கண்ட்ரோல் விசையுடன் எப்5 விசையை அழுத்தினால் அப்பக்கத்தின் கோப்புகள் மட்டும் வழங்கியிலிருந்து புதிதாகப் பெறப்படும். முழுச் சேமிப்பகத்தையும் அழிக்கத் தேவையில்லை.

கைப்பேசியில்

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குரோம் உலாவியின் மூன்று புள்ளிப் பட்டியிலிருந்து உலாவல் தரவை நீக்கலாம். ஐபோனில் அமைப்புகள் செயலியில் சபாரி உலாவிக்குரிய பக்கத்தில் இதற்கான கட்டளை உள்ளது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் ஒவ்வொரு செயலிக்கும் "தற்காலிகச் சேமிப்பை அழி", "சேமிப்பிடத்தை அழி" என்ற பொருளில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். முன்னது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்குவது, கணக்குகளை வெளியேற்றாது. பின்னது செயலியைப் புதிதாக நிறுவியதைப் போலாக்கிவிடும். இவ்வேறுபாடு அறியாமல் பின்னதை அழுத்தித் தேவையான பதிவுகளை இழந்தோரும் உண்டு.

அழிப்பதால் நீங்காதவை

பதிவிறக்கிய கோப்புகள்

உலாவல் தரவை அழிக்கும்போது பதிவிறக்கப் பட்டியல் நீங்கும், கோப்புகள் நீங்குவதில்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், நுழைவுச்சீட்டு, ஆதார் ஆகியன பதிவிறக்கக் கோப்புறையிலேயே தங்கும். சான்றிதழை வருடி எடுத்திருந்தால் அப்படமும் வேறொரு கோப்புறையில் இருக்கும்.

மின் ஆதார் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் தேவை. ஆனால் அது பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்த எட்டு எழுத்துகளாகும். உரியவரை அறிந்தவர் இதனை எளிதில் ஊகிக்கலாம். இந்தியத் தனித்துவ அடையாள ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம் 2022 மே 27 அன்று வெளியிட்ட அறிவிப்பில், இணைய மையங்களின் பொதுக் கணினிகளில் மின் ஆதாரைப் பதிவிறக்குவதைத் தவிர்க்குமாறும், அவ்வாறு செய்தால் எல்லாப் படிகளையும் நிலையாக அழிக்குமாறும் கூறப்பட்டது. அவ்வறிவிப்பில் ஆதார் ஒளிநகலைப் பகிர்வது பற்றிய எச்சரிக்கையும் இருந்தது. தவறாகப் பொருள்கொள்ளப்படலாம் என்ற காரணத்தால் 2022 மே 29 அன்று அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆதார் எண்ணைப் பயன்படுத்துவதிலும் பகிர்வதிலும் இயல்பான எச்சரிக்கையைக் கடைப்பிடித்தால் போதும் என அப்போது விளக்கப்பட்டது. கோப்பை விட்டுச் செல்லாமை என்பது அத்தகைய இயல்பான எச்சரிக்கைகளுள் ஒன்றெனக் கொள்ளலாம்.

மையத்தின் பதிவேடு

இந்தியாவில் 2011 ஏப்ரல் 11 அன்று அறிவிக்கப்பட்ட இணைய மையங்களுக்கான தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, மையத்தினர் பயனரின் அடையாளச் சான்றைச் சரிபார்க்க வேண்டும். பயனர் விவரப் பதிவேட்டையும், பார்க்கப்பட்ட இணையத்தளங்களின் வரலாற்றையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தடுப்புகளின் உயரம் நான்கரை அடிக்கு மிகாதிருத்தல் வேண்டும் எனவும் அவ்விதிகள் கூறுகின்றன. ஆதலின் பயனர் உலாவியின் வரலாற்றை அழிப்பது அடுத்து வரும் வாடிக்கையாளரிடமிருந்து அவரைக் காக்கும். மையத்தின் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்காது.

வழங்கியும் இணையச் சேவை நிறுவனமும்

பார்த்த தளத்தின் வழங்கி, தான் பெற்ற வேண்டுகோள்களைத் தன்னிடம் பதிந்து வைக்கின்றது. இணையச் சேவை நிறுவனமும் கல்லூரியின் வலையமைப்பும் எந்தத் தளத்துடன் இணைப்பு ஏற்பட்டது என்பதை அறியும். தேடுபொறியில் கணக்கு வழியாக நுழைந்து தேடியவை அக்கணக்கின் வரலாற்றில் இருக்கும். இவற்றுள் எதுவும் உலாவியை அழிப்பதால் மாறாது.

தீங்கு மென்பொருள்

கணினியில் விசைப்பதிவு மென்பொருள் நிறுவப்பட்டிருந்தால், தட்டச்சு செய்யும் கடவுச்சொல் அப்போதே பதியப்பட்டுவிடும். பின்னர் எதை அழித்தாலும் பயனில்லை. இக்காரணத்தால் வங்கிப் பரிமாற்றங்களை அறியாத கணினியில் செய்யாமை நன்று. தவிர்க்க இயலாது செய்தால், தன் சொந்தக் கருவியிலிருந்து கடவுச்சொல்லை விரைவில் மாற்ற வேண்டும். ஈரடுக்குச் சரிபார்ப்பு இயங்கினால் கடவுச்சொல் மட்டும் திருடியவரால் எளிதில் நுழைய முடியாது.

மீட்டெடுப்பு

கோப்பை அழிக்கும்போது இயங்குதளம் பெரும்பாலும் அதன் இடத்தை வெற்றிடமெனக் குறித்துக்கொள்கின்றது. அவ்விடத்தில் வேறு தரவு எழுதப்படும் வரை, தகுந்த மென்பொருள் கொண்டு பழைய கோப்பை மீட்கக்கூடும். சில கல்லூரிக் கணினிக்கூடங்களில், ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் வன்தட்டை முந்தைய நிலைக்குக் கொண்டுவரும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருட்கள் பயன்படுகின்றன. அவ்விடங்களில் மறுதொடக்கம் செய்வதே எளிய துப்புரவாகும்.

தனிமறைவு உலாவல்

வரலாறும் நினைவிகளும் தற்காலிகக் கோப்புகளும் சாளரத்தை மூடியவுடன் தாமே நீங்குமாறு அமைந்த முறை தனிமறைவு உலாவல் எனப்படும். ஆப்பிளின் சபாரி உலாவி 2005ஆம் ஆண்டு இதனை அறிமுகப்படுத்தியது. குரோம் 2008இலும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8, பயர்பாக்சு 3.5 ஆகியன 2009இலும் இவ்வசதியை அளித்தன. முடிவில் அழிக்க மறப்போருக்கு, தொடக்கத்திலேயே இச்சாளரத்தைத் திறப்பது ஏற்றது. கண்ட்ரோல், ஷிப்ட் விசைகளுடன் குரோமிலும் எட்சிலும் என் விசையையும், பயர்பாக்சில் பி விசையையும் அழுத்தினால் இச்சாளரம் திறக்கும்.

மேற்கூறிய நீங்காதவை யாவும் தனிமறைவு உலாவலுக்கும் பொருந்தும். குரோமின் மறைநிலைச் சாளரத்திலும் தம் செயல்கள் கண்காணிக்கப்பட்டதாகக் கூறி 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் கூகுளுக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. 2024 ஏப்ரலில் வெளியான உடன்பாட்டு விவரங்களின்படி, அவ்வாறு திரட்டப்பட்ட பெருமளவு தரவுகளை அழிக்க அந்நிறுவனம் இசைந்தது.

தற்காலிகச் சேமிப்பகம் வழியாக வேவு பார்த்தல்

கணினியைத் தொடாமலேயே, தொலைவிலுள்ள தளமொன்று தற்காலிகச் சேமிப்பகத்திலிருந்து செய்தி அறியக்கூடும் என்பதை எட்வர்டு பெல்டன், மைக்கேல் சினைடர் ஆகியோர் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக்கட்டுரையில் காட்டினர். இதன் அடிப்படை எளியது. ஒரு தீய தளம், வங்கி ஒன்றின் சின்னத்தைத் தன் பக்கத்தில் திறக்குமாறு உலாவியைக் கேட்டு, அதற்காகும் நேரத்தை அளக்கின்றது. சின்னம் உடனே வந்தால் அது சேமிப்பிலிருந்து வந்தது. அதாவது பயனர் அவ்வங்கியின் தளத்திற்கு முன்னரே சென்றுள்ளார். அவ்வங்கியின் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்ப இச்செய்தி உதவும்.

ஈ-டேக் குறியும் இவ்வாறே பயன்படுத்தப்பட்டது. ஒவ்வொரு பயனருக்கும் வெவ்வேறு குறியை அளித்தால், உலாவி அதனைத் திருப்பி அனுப்பும்போது ஆளை அடையாளங்காணலாம். நினைவிகளை அழித்தோரையும் இம்முறையில் சில தளங்கள் பின்தொடர்ந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு வெளிப்படுத்தினர். நினைவிகளுடன் தற்காலிகச் சேமிப்பகத்தையும் சேர்த்தே அழிக்க வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இக்குறையைப் போக்க, ஒவ்வொரு தளத்திற்கும் சேமிப்பகத்தைத் தனித்தனி அறைகளாகப் பிரிக்கும் முறை வந்தது. சபாரி 2013இலும், குரோம் 2020 அக்டோபரிலும், பயர்பாக்சு 2021 சனவரியிலும் இதனை நடைமுறைப்படுத்தின. இதனால் ஒரு தளத்தில் சேமித்த சின்னத்தை மற்றொரு தளம் அளந்தறிவது கடினமாயிற்று. இப்பாதுகாப்பு பழைய பதிப்புகளில் இல்லை. உலாவியைப் புதுப்பிக்காமல் சேமிப்பகத்தை மட்டும் அடிக்கடி அழிப்பது அரைக்காப்பே ஆகும்.

அழிப்பதன் குறைகள்

தற்காலிகச் சேமிப்பகத்தை அழித்த பின் தளங்கள் சிறிது நேரம் மெதுவாகத் திறக்கும், தரவு கூடுதலாகச் செலவாகும். தொலைபேசிவழி இணைப்புக் காலத்தில் இது பெரிய குறையாக இருந்தது. ஒருங்குறி பரவுமுன் தமிழ்ச் செய்தித் தளங்கள் பல தமக்கெனத் தனி எழுத்துருவைப் பயன்படுத்தின. பயனரிடம் அவ்வெழுத்துரு இல்லாதபோது உலாவியே அதனை இறக்கித் தற்காலிகச் சேமிப்பகத்தில் வைத்துக்கொள்ளும் இயங்கு எழுத்துரு முறை வழக்கில் இருந்தது. சேமிப்பகத்தை அழித்தால் அதனை மீண்டும் இறக்கும் வரை காத்திருக்க நேரும்.

நினைவிகளை அழித்தால் எல்லாத் தளங்களிலும் மீண்டும் கடவுச்சொல் உள்ளிட வேண்டும். எனவே தான் ஒருவரே பயன்படுத்தும், திரைப்பூட்டு இடப்பட்ட கருவியில் நாள்தோறும் அழிக்கத் தேவையில்லை. கருவியை விற்கும்போதோ பழுதுபார்க்கக் கொடுக்கும்போதோ பிறரிடம் ஒப்படைக்கும்போதோ அழிப்பது தேவையானது. விற்கும்போது உலாவியை மட்டுமன்றிக் கருவி முழுவதையும் தொடக்கநிலைக்கு மீட்டமைக்க வேண்டும்.

சட்டநிலை

தனியுரிமை அரசியலமைப்பின்படி அடிப்படை உரிமை என இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகத்து 24 அன்று தீர்ப்பளித்தது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 66சி பிரிவின்படி, பிறருடைய கடவுச்சொல்லையோ தனித்துவ அடையாளத்தையோ நேர்மையின்றிப் பயன்படுத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம். முந்தையவர் வெளியேற மறந்தார் என்பது, அவர் கணக்கைப் பயன்படுத்துவதற்கான இசைவாகாது. திறந்திருக்கும் கணக்கைக் கண்டால் அதனைப் படிக்காமல், வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டுத் தன் பணியைத் தொடங்குவதே முறையாகும்.

இவற்றையும் பார்க்க

- இணைய உலாவி
- நினைவி
- கடவுச்சொல்
- ஈரடுக்குச் சரிபார்ப்பு
- தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000
- விருதுநகர் மாவட்டம்